பேர் மட்டும் போடவில்லை

ஜெபசிங்குக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. செங்கல்பட்டு தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கும் வேலை. பதினெட்டு வருஷமாகக் கம்பம் ஏறி இறங்கிய பழக்கம் அது என்பாள் மனைவி ஞானம்மாள். ஆனால் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து, அவர் வலைப்பூ எழுதத் தொடங்கியதிலிருந்து அந்தத் தவிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. தட்டில் கை இருக்கும், கண் கம்ப்யூட்டர் பக்கம் போகும். ஒரு வாய் சோறு. எழுந்து போய்ப் புதுப் பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இல்லை. திரும்பி வந்து இன்னொரு வாய்.

வலைப்பூவின் பெயர் 'செங்கல்பட்டு ஜங்ஷன்'. முதல் வருஷம் முழுக்க அவர் எழுதியது தன் அப்பா சின்னராசுவைப் பற்றி. அச்சரப்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர், கடைசிவரை கைநாட்டு வைத்தவர். அவர் மகன் எழுதியதைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்து யார் யாரோ படித்தார்கள். "அண்ணே, படிச்சதும் கொஞ்ச நேரம் பேச முடியல" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே ஜெபசிங் மூன்று நாள் காற்றில் நடந்தார்.

அப்பாவின் கதை ஒரு வருஷத்தில் தீர்ந்துபோனது. அதற்கப்புறம் எழுத வீடுதான் இருந்தது.

மகள் ஜெனிட்டா அப்போது எட்டாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் பதிவுகளில் அவளுக்குச் 'சில்வண்டு' என்று பெயர் வைத்தார். மின்வெட்டைப் பற்றி எழுதினால் நாற்பது பேர் படித்தார்கள்; சில்வண்டைப் பற்றி எழுதினால் நானூறு பேர். அவர் என்ன செய்வார்? கணக்கில் இருபத்தேழு மார்க் வாங்கி அவள் கையெழுத்துக்கு நின்றது, தோழியோடு சண்டை போட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்து அழுதது, ஏழு வயசு வரைக்கும் படுக்கையை நனைத்தது, டியூசனுக்கு எடுத்துப் போகிற மஞ்சள் குடையை மூன்று முறை தொலைத்தது, எல்லாம் பதிவாயிற்று. நன்றாகவும் எழுதினார். அவருக்கு அந்தக் கை இருந்தது.

ஞானம்மாள் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து கால் நீட்டத்தான் அவளுக்கு நேரம் இருந்தது, படிக்க இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நம்ம பேரு, வூட்டு அட்ரஸு எதுவும் அதுல வராதுல்ல?"

"சேச்சே. பேரே போடறதில்ல" என்றார். உண்மைதான்.

ஜெனிட்டாவைப் பொறுத்தவரை அப்பா தாத்தாவைப் பற்றி ஏதோ எழுதுகிறார். அவ்வளவுதான்.

2007 ஜனவரியில் அவள் பெரிய மனுஷி ஆனாள். ஞானம்மாள் அன்று டூட்டியில் இருந்தாள். ஜெபசிங் மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, கேட்கத் தெரியாமல் முதலில் இருமல் மருந்து வாங்கி, பிறகு தைரியம் வந்து கேட்டு, செய்தித்தாளில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு வந்தார். வழியில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். மறைக்க இதில் என்ன இருக்கிறது என்று. அன்று சாயங்காலமே எழுதினார். மகளின் முகம், அவள் கேட்ட கேள்வி, அவள் அழுதது, இவர் சொன்ன பதில். அதைப் போல ஒரு பதிவை அவர் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. நூற்று முப்பது பின்னூட்டங்கள். படித்தவர்கள் நாலாயிரத்துக்கு மேல். 'இப்படி ஓர் அப்பா எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கட்டும்' என்று அம்மாக்கள் எழுதினார்கள். ஜெபசிங் கண்ணாடியில் தன் முகத்தையே புதிதாகப் பார்த்தார்.

ஜூலையில் மாமல்லபுரத்தில் பதிவர் சந்திப்பு என்று அறிவிப்பு வந்தது. ஏற்பாடு செய்தவர் வரதன், சென்னையில் அச்சகம் வைத்திருந்தவர். "குடும்பத்தோட வாங்க சார். முக்கியமா சில்வண்டக் கூட்டிட்டு வாங்க" என்று போனில் சொன்னார். ஞானம்மாளுக்கு ஞாயிறு டூட்டி. ஜெனிட்டாவிடம் "பீச்சுக்குப் போலாமா?" என்றதும் அவள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

கடற்கரைக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, சவுக்குத் தோப்பு நிழலில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்தார்கள். "செங்கல்பட்டு ஜங்ஷன் வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார். ஜெபசிங்குக்கு மணலில் கால் பாவவில்லை.

அறுபது வயசுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள், பெயர் சுந்தரவல்லி, ரிடையர் ஆன டீச்சர், நேராக ஜெனிட்டாவிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானே சில்வண்டு? ஒன்னப் பாக்கணும்னே தாம்பரத்துலேந்து வந்தேன்டி கொழந்தே. ஒங்கப்பா மெடிக்கல் ஷாப்புல நின்னத எழுதியிருந்தாரே, அதப் படிச்சுட்டு அன்னிக்குப் பூரா நான் அழுதுண்டே இருந்தேன். வயத்து வலிக்கு வெந்தயம் முழுங்கறியோ? எழுதியிருந்தாரே, ரொம்ப வலிக்கறதுன்னு."

ஜெனிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் கண் அப்பாவைத் தேடியது. ஜெபசிங் பார்வையைத் தவிர்த்தார். தவிர்த்தது அவருக்கே தெரிந்தது.

"இன்னாப்பா இவங்க சொல்றாங்க?" என்றாள் மெதுவாக.

அவர் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் குனிந்தார். ஐம்பது வயசு, கழுத்தில் கேமரா. சதாசிவம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பின்னூட்டங்களில் தவறாமல் வருகிற பெயர். "பாப்பா, உன்னைப் போன மாசமே பாத்துட்டேன் தெரியுமா? ஒரு வேலையா செங்கல்பட்டு வந்திருந்தேன். ராட்டிணங்கிணறு ஸ்டாப்ல சாயங்காலம் ஆறே காலுக்கு நின்னுக்கிட்டிருந்த. மஞ்சக் குடை. டியூசன் விடற நேரம் அப்பா எழுதியிருந்தாரில்ல? பாத்த உடனே நம்ம சில்வண்டுன்னு கண்டுபிடிச்சுட்டேன். சும்மா கொஞ்ச நேரம் எதிர்க்கடைல நின்னு பாத்துட்டுப் போனேன். பேச்சுக் குடுத்தா பயந்துடுவியேன்னு விட்டுட்டேன்."

அவர் சொல்லிவிட்டு ஏதோ பரிசு தந்தவர் போலச் சிரித்தார். ஜெபசிங் அவர் கழுத்துக் கேமராவையே பார்த்தார். நல்ல மனிதராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? ஆறே கால் என்று எந்தப் பதிவில் எழுதினோம், எதற்காக எழுதினோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

"எல்லாரும் ஒரு போட்டோ!" என்று வரதன் கூப்பிட்டார். நிற்க வைத்து எடுத்தார்கள். பிறகு யாரோ சுண்டல் வாங்கிவந்தார்கள், யாரோ ஜெபசிங்கைப் பேசச் சொன்னார்கள். அவர் என்ன பேசினார் என்று அவருக்குத் தெரியாது. நடுவில் திரும்பிப் பார்த்தபோது ஜெனிட்டா இல்லை.

முதலில் அலைப் பக்கம் போயிருப்பாள் என்று ஓடினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பலூன், குதிரை, ஈரத் துணியோடு ஓடும் பிள்ளைகள். எல்லாப் பெண் பிள்ளைகளும் தூரத்திலிருந்து ஜெனிட்டா போலவே தெரிந்தார்கள். படகுகள் இழுத்துப் போட்டிருந்த இடத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். "பச்ச சுடிதாரு, பதிமூணு வயசு, இந்தப் பக்கம் வந்துச்சா அண்ணாத்த?"

"எத்தினியோ பொண்ணுங்க போவுது, வருது. நான் இன்னாத்தப் பாக்கறது?" என்றார் அவர். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணிப் பக்கம் தனியா ஒண்ணும் போவல. பஸ் ஸ்டாண்டாண்ட பாரு" என்றார்.

சதாசிவம் எங்கே? அந்த எண்ணம் வந்ததும் ஜெபசிங் தோப்பைத் திரும்பிப் பார்த்தார். கேமராவோடு அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதில் வந்த ஆறுதலே ஜெபசிங்குக்குக் கூச்சமாக இருந்தது. சிற்பக் கடைகளின் வழியாக ஓடினார். உளிச் சத்தம் தலைக்குள் கேட்டது.

செங்கல்பட்டு போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மூன்றாவது ஜன்னலில் பச்சை சுடிதார்.

"ஜெனி!"

அவள் திரும்பவில்லை. பஸ் நகர்ந்தது. அவர் படியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"யோவ், ஏறுறியா இல்லியா? வுயுந்து தொலைக்கப் போற!" என்று கண்டக்டர் அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தார். அவள் பையை எடுத்து நடுவில் வைத்தாள். ஜெபசிங்கின் முழங்கால் தானாக ஆடியது.

"காசு எங்க கெடச்சுது?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"சுண்டல் வாங்கன்னு நீதான் குடுத்த."

திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தபோது அவளே கேட்டாள். "எத்தினி பேரு படிச்சாங்க?"

அந்த எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். பதிவின் அடியில் ஓடும் அந்த எண்ணைத் தினமும் பார்த்தவர். "கொஞ்சம் பேருதான்" என்றார்.

"எத்தினி?"

"நாலாயிரத்து முந்நூறு."

அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "எங்க ஸ்கூல்லயே அவ்ளோ பேரு இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டு கேட்டாள். கொடுத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் பதிவிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தாத்தா பதிவுகளை வேகமாகக் கடந்தாள். அவள் வந்த இடங்களில்தான் மவுஸ் சக்கரம் நின்று நின்று நகர்ந்தது. ஜெபசிங் சமையலறைக்குப் போனார், வந்தார், வாசலுக்குப் போனார், வந்தார். ஒரு தடவை எட்டிப் பார்த்தபோது கட்டில் அடியில் அழுத பதிவு. ஒரு காலத்தில் அவரே மெச்சிக்கொண்ட வரிகள் அவள் தலைக்கு மேலாகத் தெரிந்தன. அவற்றைப் படிக்க முடியவில்லை.

டூட்டி முடிந்து வந்த ஞானம்மாள் பையை வைக்காமலே மகளின் பின்னால் நின்று படித்தாள். அந்த ஜனவரிப் பதிவைக் கடைசிவரை படித்தாள்.

"பேரு போடல, ஆமா" என்றாள் புருஷனைப் பார்த்து. "வார்டுல ஒரு நோயாளிக்கு இன்னா வியாதின்னு நான் வூட்ல வந்து உங்கிட்ட சொல்லியிருக்கனா, இத்தினி வருசத்துல? அவங்க ஊரு பேரு தெரியாத ஜனம். இது நம்ம பொண்ணு."

"பாசத்துலதான் எழுதினேன்."

"பாசம் இல்லன்னு யாரு சொன்னது? அதுகிட்டக் கேட்டியா நீ?"

அவர் அன்றே அந்தப் பதிவை அழித்தார். மகளைப் பற்றிய மற்றவற்றையும் அழித்தார். பதிவு பதிவாகக் குறி வைத்து அழுத்தினார்; ஒரு வருஷம் அரை மணியில் போயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

மறுநாள் வரதன் தன் வலைப்பூவில் சந்திப்புப் படங்களைப் போட்டிருந்தார். 'சில்வண்டும் அப்பாவும்' என்று கீழே எழுதி. இப்போது அந்தப் பெயருக்கு முகமும் வந்துவிட்டது. ஜெபசிங் ஆபீசிலிருந்து போன் செய்தார். "என்ன சார், இதுக்குப் போய்?" என்று வரதன் சலித்துக்கொண்டார்; ஆனால் மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள்தான் பெரிய இடி. அந்த ஜனவரிப் பதிவின் முதல் வரியைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தார். ஐந்து இடங்களில் இருந்தது. பெண்களுக்காக ஒருவர் நடத்திய இணையதளத்தில் முழுசாக, அவருடைய வலைப்பூவின் பெயரோடு, மார்ச் மாதத்திலிருந்து. பார்த்த வேகத்தில் அதை நடத்துகிறவருக்குக் கடிதம் எழுதினார். திருடன் என்று எழுதினார். அடுத்தவன் வீட்டுப் பெண்ணை விற்றுப் பிழைக்கிறாய் என்று எழுதினார். எழுதி முடித்ததும் மனசு லேசானது.

அந்த மனிதர் கடிதத்தை அப்படியே தன் தளத்தில் போட்டார். 'ஊருக்கே எழுதிவிட்டு இப்போது எங்களைத் திட்டுகிறார்' என்று தலைப்பு வைத்தார். கீழே சண்டை பிடித்துக்கொண்டது. ஜெபசிங்கின் பக்கம் பேசியவர்கள் தளக்காரரைத் திட்டினார்கள். தளக்காரர் பக்கம் பேசியவர்கள் ஜெபசிங்கின் அப்பாவின் கூலி வேலையை இழுத்தார்கள், மதத்தை இழுத்தார்கள். மறந்துபோயிருந்த பதிவை அந்த வாரம் மட்டும் இன்னும் எண்ணூறு பேர் படித்தார்கள். ஜெபசிங் ஒவ்வொன்றுக்கும் பதில் அடித்தார். அடிக்க அடிக்க இன்னும் வந்தது. சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி ஜெனிட்டா வந்து பின்னால் நின்றாள். அவர் பாதி அடித்திருந்த வரியைப் படித்தாள்.

"நீ இப்படி எழுதினா அவரு எடுப்பாராப்பா?"

"அவன் செஞ்சது தப்பு."

"தப்புதான். நீ திட்டத் திட்ட எல்லாரும் வந்து வந்து பாக்கறாங்க. என்னத்தான் பாக்கறாங்க."

அவர் அந்த வரியை அழித்தார். கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல் தாம்பரம் சுந்தரவல்லி டீச்சருக்கு போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"அவளுக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர். "ஐயோ, நான் அத்தன பேர் முன்னால... கொழந்த மூஞ்சி மாறினத பாத்தேன், புரியல எனக்கு." பிறகு, "அந்தத் தளத்துல நானும் எழுதறேன். அவர் கெட்டவர் இல்ல. நான் பேசறேன். ஆனா நீங்க மொதல்ல மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதுங்கோ. திருடன்னு சொன்னதுக்கு."

எழுதினார். இரண்டு வரிதான். ஆனால் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 'கோபத்தில் தவறாக எழுதிவிட்டேன். என் மகள் இதை விரும்பவில்லை, அவளைக் கேட்காமல் எழுதியது என் தவறு, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.' மறுநாள் பதிவும் இல்லை, சண்டையும் இல்லை. 'மகளிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்' என்று ஒரு பதில் மட்டும் வந்தது. மற்ற நான்கில் மூன்று பேர் கேட்டதும் எடுத்தார்கள். நான்காவது, குவைத்திலிருந்து யாரோ எப்போதோ எழுதி விட்டுப்போன பக்கம். மின்னஞ்சல் திரும்பி வந்தது. அது இன்றும் இருக்கிறது. ஜெபசிங் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அது இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும்.

டியூசன் நேரம் மாற்றப்பட்டது. ஜெபசிங் சீக்கிரம் கிளம்பி ராட்டிணங்கிணறு ஸ்டாப்பில் வந்து நிற்க ஆரம்பித்தார். எதிர்க்கடையில் டீ குடிக்கிற ஒவ்வொரு ஆளையும் முறைத்தார். சதாசிவத்துக்கு ஒருநாள் போன் செய்து, இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் என்றார். "தப்பா எடுத்துக்கிட்டீங்களே சார், எனக்கும் பொண்ணு இருக்கு" என்று அவர் வருத்தப்பட்டார். அந்தக் குரலில் பொய் தெரியவில்லை. உண்மை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஜெபசிங் ஸ்டாப்பில் நிற்பதை நிறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து ஜெனிட்டா சொன்னாள்: "ப்பா, நீ இப்படி நின்னுகினு மொறைக்கறதத்தான் பசங்க எல்லாம் பாக்கறாங்க. எங்கூட டியூசன் வர்ற சங்கீதாவோடயே வந்துடறேன். அம்மா செல்போனக் குடு. ஏறின உடனே மிஸ்டு கால் குடுக்கறேன்." அதற்கு ஒத்துக்கொண்டார். மிஸ்டு கால் வரும்வரை ஆபீசில் நடந்துகொண்டே இருப்பார்.

வீட்டில் அவள் பேச்சு குறைந்திருந்தது. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் ஒன்றும் வராது. பள்ளியில் நடந்ததை அம்மாவிடம் மட்டும் சொன்னாள். இவர் உள்ளே வந்தால் நிறுத்தினாள்.

நவம்பரில் ஒருநாள் அவள் மாவட்ட அளவில் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். கோப்பையை அவர் கையில்தான் முதலில் கொடுத்தாள். ஜெபசிங்குக்கு விரல் துருதுருத்தது. நான்கு மாதமாக ஒரு வரி எழுதாத கை.

"இத எழுதட்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "வேணாம்னா வேணாம்" என்றார்.

அவள் யோசித்தாள். "எழுது. நான் பாத்துட்டு சொல்றேன்."

எழுதினார். மேடையில் நடுவில் மறந்துபோய் அவள் தண்ணீர் கேட்டது, குடித்துக்கொண்டே ஞாபகப்படுத்திக்கொண்டது, நடுவர் சிரித்தது. ஒரு பக்கம். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். தண்ணீர் கேட்ட இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது.

"நல்லாதான் கீது" என்றாள். "போடாதப்பா."

"சரி."

"எனக்கு மட்டும் ஒண்ணு குடு. ஆபீஸ்ல பிரிண்ட் எடுக்காத, யாராவது பாப்பாங்க."

வீட்டில் பிரிண்டர் இல்லை. ஜெபசிங் ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார். இரண்டு வருஷமாக விசைப்பலகையிலேயே பழகிய கை. எழுத்து கோணல் மாணலாக வந்தது. ஜெனிட்டா பக்கத்தில் நின்று, "ப்பா, அது 'ழ'. 'ள' போட்டுகினு கீற" என்றாள். அவர் அடித்துவிட்டுச் சரியாக எழுதினார்.